காற்று உண்டு, கணக்கு எங்கே?

நாகர்கோவிலினின்று நெல்லைக்குப் புகைவண்டியிற் செல்வோர், ஆரல்வாய்மொழியை அடுத்து இருமருங்கும் எண்ணிறந்த காற்றாலைகள் சுழலக் காண்பர். தென்மேற்குப் பருவத்தில் அவை சுழலுதல் இயல்பே. ஆயின், காற்று நன்கு வீசவும் அவற்றுட் சில அசையாது நிற்றலும் உண்டு. பழுதென்று கருதுவோம். சிற்சில வேளைகளில் அது பழுதன்று. மின்தொகுப்பை நடத்துவோர் 'இப்பொழுது வேண்டா' என நிறுத்தியதன் விளைவேயாம்.

1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியருகே சிறு அளவில் தொடங்கிய இம்முயற்சி, இன்று நம் மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திறனாக வளர்ந்துள்ளது. புவி வெப்பமுறுதலைத் தணித்துக்கொண்டே முன்னேற விழையும் நாட்டிற்கு இதனினும் சிறந்த செல்வம் யாது? எனினும், இயந்திரத்தை நிறுவுதல் வேறு, அதன் பயனை ஆளுதல் வேறு.

நிலக்கரி உலையை விளக்கைப்போல் நினைத்தவுடன் அணைத்து ஏற்றல் இயலாது. ஆகவே நள்ளிரவில் தேவை குறைந்து காற்று மிகும்போது, நிறுத்தற்கு எளிய காற்றாலையே நிறுத்தப்படுகின்றது, கரி எரிந்துகொண்டிருக்கின்றது. மிகுந்த மின்சாரத்தால் நீரை மேலேற்றி வைத்து, வேண்டுங்கால் இறக்கி மீண்டும் மின்சாரம் பெறும் நிலையங்கள் இக்குறையைத் தீர்க்கும். 400 மெகாவாட் திறனுடைய கடம்பாறை நிலையம் 1980-களிலேயே அமைந்தது. அதன்பின் அத்தகையன பெருகினவல்ல. பொருளில்லை என்பர்.

பொருள் ஏன் இல்லை? 2014 டிசம்பருக்குப்பின் 2022 செப்டம்பர்வரை மின்கட்டணம் திருத்தப்படவேயில்லை. கட்டணம் விதித்தல், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, ஒழுங்குமுறை ஆணையத்தின் கடமை, ஆட்சியாளரின் விருப்பமன்று. உயர்த்தாமை ஏழைக்கு இரங்குதலாம்! அவ்விரக்கம் கடனாகத் திரண்டு அவ்வேழையின் பேரர் தலையில் வட்டியோடு விழுமென்பதை எவரும் கூறார்.

உழவர் அனைவர்க்கும் இலவச மின்சாரம் 1990 முதல் வழங்கப்படுகின்றது. எம் பாட்டனாரின் கிணற்றிலும் அத்தகைய பம்புசெட் ஒன்று உண்டாதலின், இதனை எழுத எம் கை சற்றே தயங்குகின்றது. இலவசத்தை யாம் மறுத்திலேம். சலுகை அளிக்கும் அரசு அதற்குரிய தொகையை முன்னதாகவே செலுத்துக என்கின்றது அச்சட்டத்தின் 65-ஆம் பிரிவு. எத்துணை மின்சாரத்திற்குச் செலுத்துவது? 20 லட்சத்திற்கு மேற்பட்ட அவ்விணைப்புக்களுட் பெரும்பாலானவற்றில் மீட்டரே இல்லை. உழவு கொண்டது இவ்வளவு, கம்பியிற் கழிந்தது இவ்வளவு என்று மதிப்பிட்டே எழுதுகின்றனர். மீட்டர் வைத்தாற் கட்டணமும் பின்தொடருமென்னும் அச்சம் உழவர்க்கு உண்டு. அதனை மேடைவாக்கால் அன்று, சட்டத்தால் நீக்குதல் வேண்டும்.

மின்வாரியம் 2010-இல் பிரிக்கப்பட்டது. 2024-இல் மீண்டும் பிரிந்து, பசுமை மின்சாரத்திற்கெனத் தனி நிறுவனம் எழுந்தது. பெயர்ப்பலகை மாற்றத்தில் எமக்குப் பெருநம்பிக்கையில்லை. நிறுத்தப்பட்ட காற்றாலை எது, எத்துணை நேரம், யாது காரணம் என்பனவற்றை நாடோறும் தமிழில் வெளியிடுவரேல் மகிழ்வோம்.

கட்டணம் விதிக்குமுன் பொதுமக்களின் கருத்தையும் ஆட்சேபத்தையும் ஆணையம் ஆராய வேண்டுமென்பதும் அச்சட்டத்தின் விதியே. பொருளாதாரம் பயிலும் நம் நண்பர் நால்வர் அதற்கென அடுத்துக் கூடும் கூட்டத்திற்குச் செல்ல இசைவாராயின், யாமும் உடன் வருகின்றோம்.