மேலாளர் மட்டும் படித்தால் போதுமா?

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளின் தலைமை நிர்வாகிகளுக்கு இப்போது பயிற்சிக்குக் குறைவில்லை. ஐதராபாத்தில் 'மேனேஜ்' நிறுவனமும், லக்னோவில் நபார்டு வங்கி நிறுவிய 'பேர்டு' நிலையமும் அவர்களுக்குப் பாடம் நடத்துகின்றன. பல வழி வியாபாரம், கணினி வழிச் சரக்குத் தொடர் என்று பெரிய பெரிய பெயர்கள் காதில் விழுகின்றன. பெயரைக் கண்டு நம் விவசாயிகள் மலைக்க வேண்டியதில்லை. சரக்கு முழுவதையும் ஒரே மண்டியில் கொட்டாமல், விற்பனைக் கூடம், நகரக் கடை, இணைய வழி என்று பிரித்து விற்பது முதலாவது. எந்த வயலில் அறுத்தது, எத்தனை கிலோ, யாரிடம் போயிற்று, பணம் வந்ததா என்பதை அவ்வப்போது கணினியில் பதிந்து வருவது இரண்டாவது.

இவை தேவையான பாடங்களே. ஆனால் யார் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

உற்பத்தியாளர் கம்பெனியின் தலைமை நிர்வாகி உறுப்பினர் அல்லாதவராக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். 2020-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்த கம்பெனிகளில், அவருடைய சம்பளத்துக்கு மாதம் 25,000 ரூபாய் வரை முதல் 3 ஆண்டுகளுக்குத்தான் உதவி கிடைக்கிறது. அதன் பிறகு வியாபார வரும்படியிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும். வரும்படி இல்லாவிட்டால் அவர் வேறு வேலை தேடிப் போவார். அதில் குற்றம் காண்பதற்கில்லை. கற்ற வித்தையும் அவரோடு போய்விடும். இயக்குநர்களாக இருக்கும் விவசாயிகள் ஊரிலேயே இருப்பார்கள், எதுவும் தெரியாமல்.

வித்தை மட்டுமா போகிறது? இணையக் கணக்கு அவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணில் திறக்கப்பட்டிருந்தால், கடவுச்சொல்லும் கூடவே போகிறது. வாங்கியவர் பெயர், பாக்கி விவரம் ஒன்றும் கைக்கு எட்டாது.

1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது அதற்கு வகுப்பு எதுவும் தேவைப்படவில்லை. அடையாள அட்டை இருந்தால் போதும், தராசும் அங்கேயே கொடுத்தார்கள். 2016-இல் வந்த 'இ-நாம்' அப்படியல்ல. சரக்கைப் பதிய வேண்டும், தரம் பார்க்க வேண்டும், ஏலத்தைக் கவனிக்க வேண்டும். 2020 முதல் உற்பத்தியாளர் கம்பெனிகள் தங்கள் சேகரிப்பு நிலையத்திலிருந்தே சரக்கைப் பதிந்து ஏலத்துக்கு விடலாம். வண்டி வாடகை மிச்சமாகும் வசதி இது. பதியத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், அவர் விடுப்பில் போன நாளில் வசதியும் விடுப்பில்தான்.

இன்னொன்று. இணைய வழி என்றாலே லாபம் என்று எண்ணிவிடக் கூடாது. உதாரணத்துக்கு 100 கிலோ தக்காளியை எடுத்துக்கொள்வோம். மண்டியில் கிலோ 20 ரூபாய். கூலி, வாடகை 100 போக 1,900 கையில் நிற்கும். இணைய வழியில் கிலோ 30 ரூபாய். வழியில் 10 கிலோ நசுங்கினால் 90 கிலோவுக்கு 2,700. பெட்டிக்கும் வண்டிக்கும் 500, கமிஷன் நூற்றுக்குப் பத்து வீதம் 270 போனால் மிச்சம் 1,930. முப்பது ரூபாய்க்காகப் பணத்துக்குப் பதினைந்து நாள் காத்திருப்பதா? அதே கம்பெனி கடலை எண்ணெயோ மஞ்சள் தூளோ விற்றால் கணக்கு வேறு. நசுங்காது, அழுகாது, தூர ஊருக்கும் போகும். எந்தச் சரக்குக்கு எந்த வழி என்று இப்படிப் போட்டுப் பார்ப்பதுதான் பயிற்சியின் உயிர். இதைத் தமிழில், நம் விற்பனைக் கூடத்தின் வாசலிலேயே சொல்லிக் கொடுக்கலாம். லக்னோவுக்குப் போக வேண்டியதில்லை.

ஆகவே, மேலாளரைப் பயிற்சிக்கு அனுப்பும்போது இயக்குநர்களில் இருவருக்கும் இடம் கேட்க வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. வீட்டு வரவு செலவை எழுதிப் பழகிய கை அது. அறுவடைக் காலத்தில் வகுப்பு வைத்தால் விவசாயி வர மாட்டார், தேதி குறிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கணக்குகள் அனைத்தும் கம்பெனியின் எண்ணில் இருக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் பங்குதாரர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: எந்த வழியில் எவ்வளவு விற்றோம், செலவு போக என்ன நின்றது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?