சங்கத்துக்கு யார் நேரம் கொடுப்பது? - ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையிலிருந்து ஒரு கேள்வி

``அடுத்த வருஷத்துக்கு செயலாளரா யார் வர்றீங்க?"

குடியிருப்போர் சங்கமோ, வியாபாரிகள் சங்கமோ, தொழில்முறை அமைப்போ... இந்தக் கேள்வி வந்ததும் கூட்டத்தில் ஓர் அமைதி விழும் பாருங்கள். ஒருவர் செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பிப்பார். இன்னொருவருக்கு அப்போதுதான் ஊருக்குப் போகவேண்டியது ஞாபகம் வரும். கடைசியில், ``சாரே இன்னொரு வருஷம் பார்த்துக்கட்டுமே" என்று பழைய ஆள் தலையிலேயே கட்டிவிட்டு, வடையும் காபியும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுவோம்.

இன்று சங்கம் இல்லாத தொழிலே இல்லை எனலாம். வீட்டு அலமாரியையும் சமையலறையையும் ஒழுங்குபடுத்திக் கொடுப்பதையே தொழிலாகச் செய்பவர்களுக்குக்கூட அமெரிக்காவில் ஒரு தேசிய சங்கம் இருக்கிறது. 1985-ல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பையும் தங்கள் சொந்த நேரத்தைக் கொடுக்கும் உறுப்பினர்கள்தான் வழிநடத்துகிறார்கள். அவர்களுக்கு அதில் ஒரு லாபமும் உண்டு. நாலு பேர் அறிமுகம் கிடைக்கும், தொழிலில் பெயர் கிடைக்கும், அதன் வழியாக வாடிக்கையாளர்களும் வரலாம்.

ஆனால், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானமே இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் சங்கம் நடத்துவது எப்படி? அதைத் தெரிந்துகொள்ள ரொம்ப தூரம் போக வேண்டாம். பெசன்ட் நகர் பீச் வரை போனால் போதும்.

எலியட்ஸ் பீச்சின் இன்னொரு முனை

ஞாயிற்றுக்கிழமை காலை எலியட்ஸ் பீச்சுக்கு வாக்கிங் போகிறவர்களில் பலர், ஷ்மிட் நினைவுச் சின்னத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வடக்கே இன்னும் கொஞ்சம் நடந்தால் ஃபைபர் படகுகள், குவித்துவைத்த வலைகள், ஐஸ் பெட்டிகள் என்று காட்சி மாறும். அதுதான் ஊரூர் ஒல்காட் குப்பம். ஒட்டியொட்டி இருக்கும் இரண்டு மீனவக் குப்பங்களைச் சேர்த்து அழைக்கும் பெயர் இது. ஒல்காட் என்பது பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டின் பெயர். இன்னும் வடக்கே போனால் அடையாறு ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். 1967-ல் கட்டப்பட்டு, 1977-ல் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட உடைந்த பாலமும் அங்கேதான் நிற்கிறது.

2015-ல் இந்தப் பெயர் திடீரென்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. கர்னாடக இசைக் கலைஞர் டி.எம்.கிருஷ்ணா, சூழலியலாளர் நித்யானந்த் ஜெயராமன் ஆகியோர் ஊர் மக்களோடும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து இங்கே ஒரு கலைவிழாவைத் தொடங்கினார்கள். சபாக்களில் கேட்ட இசையும் பறையும் ஒரே மேடைக்கு வந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் விழா வளர்ந்து, நகரின் வேறு பகுதிகளுக்கும் போய், `சென்னை கலைத் தெரு விழா' என்று பெயர் மாறியது.

விழா மேடையை எல்லோரும் பார்த்தோம். வருடம் முழுக்க அந்த ஊரில் நடக்கும் இன்னொரு தன்னார்வ வேலைக்கு மேடை கிடையாது, போட்டோவும் கிடையாது. அதுதான் சங்க வேலை.

ஒரு மீனவருக்கு எத்தனை சங்கம்?

சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் முதலில் இருப்பது ஊர்ப் பஞ்சாயத்து. சட்டப்படி தேர்தல் நடக்கும் உள்ளாட்சி அமைப்பு வேறு, இது வேறு. ஊரே தேர்ந்தெடுக்கும் பெரியவர்கள், குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி, கோயில் திருவிழா, படகுத் தகராறு, எந்த வலையைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்ற கட்டுப்பாடு என எல்லாம் இங்கேதான் முடிவாகும். சுருக்குமடி வலை பற்றிய சண்டைகளில் `ஊர்க் கட்டுப்பாடு' என்ற சொல்லைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதன் வேர் இந்தப் பஞ்சாயத்துதான்.

அடுத்தது, மீனவர் கூட்டுறவு சங்கம். அரசின் பல திட்டங்களுக்கு இதுதான் வாசற்படி. உதாரணத்துக்கு, சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால், மத்திய, மாநில அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து, மீன்பிடி குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகக் கொடுக்கும். உறுப்பினர் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் அந்தப் பணமும் போச்சு. ஆக, அந்தப் பட்டியலைச் சரிபார்ப்பவர் செய்வது ஒரு குடும்பத்தின் அடுப்போடு சம்பந்தப்பட்ட வேலை.

மூன்றாவது, மாவட்ட, மாநில, தேசியக் கூட்டமைப்புகள். பல மாநிலங்களின் கட்டுமர, நாட்டுப்படகு மீனவர்கள் சேர்ந்து 1978-ல் உருவாக்கியதுதான் இன்றைய தேசிய மீனவர் பேரவை. விசைப்படகுகளோடு மோதல் உச்சத்தில் இருந்த காலம் அது. அந்தப் போராட்டங்களுக்குப் பிறகுதான் 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையை ஒட்டிய 3 கடல் மைல் பரப்பு பாரம்பர்யப் படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது.

இந்த மூன்றில் எதிலும் பொறுப்பில் இருப்பவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி சம்பளம் கிடையாது.

ஒரு கூட்டத்தின் விலை என்ன?

சிறு படகு மீனவரின் நாள், நமக்கு நடுராத்திரியாக இருக்கும் நேரத்தில் தொடங்குகிறது. விடிவதற்கு முன் கடலுக்குப் போய், காலையில் கரை திரும்பி, மீனைக் கழற்றி, ஏலம் விட்டு, வலையைச் சரிசெய்ய வேண்டும். கிடைத்த பணத்தில் எரிபொருள் செலவு போக, படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் என்று பங்கு பிரிப்பார்கள். கடலுக்கு வராதவருக்குப் பங்கு கிடையாது.

இப்போது காலை பத்தரை மணிக்கு ஓர் அரசு அலுவலகத்தில் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் போகிற மீனவப் பிரதிநிதி அன்றைய பங்கை விட வேண்டும். படகில் ஆள் குறைந்தால் கூட வருபவர்களுக்கும் சிரமம். மனு எழுத, ஜெராக்ஸ் எடுக்க, ஆட்டோவுக்கு எல்லாம் கைக்காசு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது சம்பள நாள். இந்தப் பக்கம் இருப்பவருக்கு அது சம்பளம் போன நாள். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டால்? இன்னொரு நாள், இன்னொரு பங்கு.

இவ்வளவும் போதாதென்று ஊருக்குத் திரும்பினால், ``இதுல உனக்கு என்ன கிடைச்சுது?" என்ற சந்தேகப் பேச்சு வேறு. பொதுக்காரியத்துக்கு வந்தவர்கள் ஒருமுறையாவது கேட்காமல் இருந்திருக்க முடியாத கேள்வி அது.

யாரும் போகாவிட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் விஷயத்தின் கனம் இருக்கிறது. 2019 ஜனவரியில் அரசிதழில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பின்படி, மாநில அரசுகள் கடற்கரை வரைபடங்களைத் தயாரிக்க வேண்டும். மீனவ ஊர்கள், படகு நிறுத்தும் இடம், வலை காயவைக்கும் இடம் எல்லாம் அந்த வரைபடத்தில் இருந்தாக வேண்டும். 2023-ல் தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்கள் மீது மக்கள் கருத்துக் கேட்பு நடந்தபோது, ``எங்க ஊரையே காணோம், எங்க பொது இடத்தைக் காணோம்" என்பதுதான் கடற்கரை மாவட்டங்களில் மீனவர்கள் எழுப்பிய முக்கியமான எதிர்ப்பு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வலை காயும் மணலுக்குப் பட்டா கிடையாது, வேலியும் கிடையாது. பகலில் பார்த்தால் சும்மா கிடக்கும் புறம்போக்கு போலத் தெரியும். `அது சும்மா கிடக்கலை, எங்க தொழில் நடக்குற இடம்' என்று ஒருவர் வரைபடத்தைப் பிரித்துவைத்து, எல்லை காட்டி, எழுத்தில் கொடுத்தால்தான் அது பதிவாகும். ஊரூர் குப்பத்து இளைஞர்கள் சிலர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு செய்கிறார்கள். கடற்கரைப் பொது இடங்களை வரைபடமாக்குவது, மூத்த மீனவர்களின் காற்று, நீரோட்ட அறிவை எழுதிவைப்பது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்பது என்று அது நீள்கிறது.

பட்டினப்பாக்கம் பக்கத்திலிருந்து பெசன்ட் நகருக்குப் பாலமும் சாலையும் போடும் யோசனை பல வருடங்களாக வந்து வந்து போகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து நீலாங்கரை வரை கடற்பாலம் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. போக்குவரத்து நெரிசலில் தவிக்கும் நமக்கு இது நல்ல செய்தியாகவே தோன்றலாம். ஆனால், பாலத்தின் தூண் எங்கே இறங்கும், படகு எங்கே நிற்கும் என்ற கேள்வியைக் கேட்க ஒரு சங்கம் விழித்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையோர மீன் கடைகளை மாநகராட்சி அகற்றியபோது மீனவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடியால் எல்லாப் பிரச்னையும் தீர்ந்ததா என்பது தனி விவாதம். ஆனால், கடையை எடுப்பது, இடைக்காலத்தில் எங்கே விற்பது, யாருக்கு எந்தக் கடை என்று ஒவ்வொரு கட்டத்திலும் பேச ஊரின் சார்பில் ஆள் தேவைப்பட்டது.

கடலுக்குப் போகாத தலைவர்கள்

நேரம் கொடுக்க முடிந்தவரே தலைவராக முடியும் என்றால், மீன் பிடிப்பவர் எப்படித் தலைவராவார்? தேசிய மீனவர் இயக்கத்தின் வரலாற்றிலேயே இந்தச் சிக்கல் உண்டு. அதன் தொடக்ககாலத் தலைவர் கோவாவின் மத்தானி சல்தானா, ஓர் ஆசிரியர். பிறகு நீண்டகாலம் அதன் முகமாக இருந்த தாமஸ் கோச்சேரி, கத்தோலிக்கப் பாதிரியார், சட்டமும் படித்தவர். இருவரின் உழைப்பும் தியாகமும் பெரியவை. 1990-களில் அந்நியக் கூட்டு ஆழ்கடல் கப்பல்களுக்கு எதிரான போராட்டம் முராரி கமிட்டி வரை போனது அந்தத் தலைமையில்தான்.

ஆனாலும், `எங்களுக்காக நீங்க பேசுறீங்க, நாங்க எப்போ பேசுவோம்?' என்ற கேள்வி எந்த இயக்கத்திலும் ஒரு நாள் வரத்தான் செய்யும். மாதச் சம்பளமோ, ஓர் அமைப்பின் ஆதரவோ உள்ளவர் நேரம் கொடுப்பது சுலபம். நாள் வருமானக்காரர் கொடுப்பது கஷ்டம். இதைக் கணக்கில் எடுக்காத எந்தச் சங்கமும் கொஞ்ச நாளில் வசதி உள்ளவர்களின் சங்கமாக மாறிவிடும். வணிகர் சங்கம், கலைஞர் சங்கம், நம் அப்பார்ட்மென்ட் சங்கம் எதுவுமே இதற்கு விதிவிலக்கில்லை.

கூடையைச் சுமக்கும் அம்மாக்கள் எங்கே?

இன்னொரு பெரிய இடைவெளி, பெண்கள். மீன் கரைக்கு வந்த பிறகு ஏலம் எடுப்பது, சுத்தம் செய்வது, காயவைப்பது, விற்பது என்று தொழிலின் பெரும்பாதி அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால், பாரம்பர்ய ஊர்ப் பஞ்சாயத்து பெரும்பாலும் ஆண்களின் சபைதான். மீனவ மகளிர் கூட்டுறவு சங்கங்களும், சுய உதவிக் குழுக்களும் வந்த பிறகு பெண்களுக்கு ஒரு வாசல் திறந்தது. என்றாலும், `எந்த இடத்துல கடை, கழிப்பறை எங்கே, தண்ணி எங்கே' என்பதை முடிவு செய்யும் கூட்டத்தில் நாளெல்லாம் அங்கே உட்காரப்போகும் அம்மா இல்லாவிட்டால், அங்காடி கட்டி முடித்த பிறகுதான் குறை தெரியும்.

அவர்களுக்கு நேரப் பற்றாக்குறை இரண்டு மடங்கு. விற்றுவிட்டு வந்தால் வீட்டு வேலை காத்திருக்கும். ``கூட்டத்துக்கு வாங்கன்னா வரமாட்டேங்குறாங்க" என்று சலித்துக்கொள்வதற்கு முன்னால், கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

எந்தச் சங்கத்துக்கும் ஐந்து கேள்விகள்

பொது வளங்களை, அவற்றைப் பயன்படுத்தும் மக்களே விதி வகுத்து, கண்காணித்து, நீண்டகாலம் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காகத்தான் 2009-ல் எலினோர் ஆஸ்ட்ரமுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. `முடியும்' என்றார் அவர். `தானாக நடக்கும்' என்று சொல்லவில்லை. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். எனவே, உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கேட்டுப்பாருங்கள்:

1. பொறுப்பில் இருப்பவர் இழக்கும் வருமானத்துக்கும் பயணச் செலவுக்கும் சங்க நிதியில் ஒரு தொகை இருக்கிறதா? அது லஞ்சமல்ல. ஏழை உறுப்பினரும் தலைவராக வருவதற்கான வழி.

2. வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்திருக்கிறோமா? `செயலாளர்' என்றால் பயப்படுபவர்கூட, `மாசம் ஒரு மனு எழுதுங்க' என்றால் வருவார்.

3. கணக்கு எல்லோர் கண்ணிலும் படுகிறதா? ``உனக்கு என்ன கிடைச்சுது?" என்ற கேள்விக்கு ஒரே மருந்து, சுவரில் ஒட்டிய வரவு செலவுதான்.

4. பழைய ஆள் போனால் கோப்புகள் யாரிடம் இருக்கும்? ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் சங்கம், அவரோடு போய்விடும்.

5. வேலை செய்பவர்களில் யார் கூட்டத்துக்கு வரவே இல்லை? அவர்களுக்குத் தோதான நேரமும் இடமும் எது?

கூட்டங்களையும் கருத்துக் கேட்புகளையும் நடத்தும் அரசுத் துறைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. மீனவர்களிடம் கருத்து கேட்பதென்றால், கரைக்கு வந்து, அவர்கள் வலை வேலையை முடித்த நேரத்தில், தமிழ் வரைபடத்தோடு கேட்கலாமே?

அடுத்த ஞாயிறு எலியட்ஸ் பீச் போனால், வழக்கமாகத் திரும்பும் இடத்தைத் தாண்டி வடக்கே கொஞ்சம் நடங்கள். மீன் வாங்கும்போது, ``அண்ணா, இந்தப் பாலம் விஷயம் என்னாச்சு?" என்று கேட்டுப்பாருங்கள். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால், அவர் உங்களுக்குக் கொடுப்பதும் சங்க நேரம்தான். உங்கள் குடியிருப்பில், `அடுத்த வருஷம் யாரு?' என்ற கேள்வி வரும்போது அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். செல்போனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.