கல்லில் நிற்கும் நீதி

சிங்கப்பூரில் 1939-இல் திறக்கப்பட்ட பழைய உச்ச நீதிமன்றத்தை நம்மவர் பலர் பார்த்திருப்பார்கள். 2015 முதல் அது தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. அதன் முகப்பு உச்சியில் இத்தாலியச் சிற்பி நோலி செய்த சிலைகள் இருக்கின்றன. நடுவில் நீதிதேவி. ஒரு பக்கம் அடைக்கலம் கேட்டுக் கெஞ்சும் ஓர் உருவம். அதன் அருகே சட்டப் புத்தகத்தோடு இருவர். மறுபக்கம் நன்றி சொல்லிக் குனியும் உருவம். அடுத்து செல்வத்துக்கு அடையாளமாகக் காளையோடு ஒருவர், கோதுமைக் கதிரோடு இரண்டு குழந்தைகள்.

வேலைப்பாடு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மண்ணில் கோதுமை எங்கே விளைஞ்சுது? நாட்டுக்குப் பணம் கொட்டிய பால்மரத்துக்கு அங்கே இடமில்லை. கெஞ்சவும் கும்பிடவும் மட்டும் ஆள் வைத்திருக்கிறார்கள். நீதி என்பது மேலே இருப்பவர் போடும் பிச்சை என்றுதானே இதற்குப் பொருள்?

கட்டடம் திறந்து இரண்டே ஆண்டு. அதே வெள்ளைக்கார ஆட்சியில், 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வோடு நம்ம சனங்க கேட்டது என்ன? துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. கிடைத்த பதில்? தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

தோழர்களே, பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனால் அந்தச் சிலைகளைக் காட்டுங்கள். கூடவே கிள்ளான் கதையையும் சொல்லுங்கள். நிமிர்ந்து கேட்டால்தான் நீதி வரும்னு அவங்களுக்குப் புரியட்டும்!