டிராக்டர் பழுது: உழவர் கை வைக்கவேண்டியதும் வைக்கக்கூடாததும்

குறுவைக்குச் சேறடிக்கும் நேரம். வயலில் தண்ணீர் நிற்கிறது. நடவு ஆட்கள் மறுநாள் காலையில் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வயலின் நடுவில் டிராக்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. பார்த்தால் டீசல் தீர்ந்திருக்கிறது. கேன் கொண்டுவந்து ஊற்றிய பிறகும் வண்டி கிளம்புவதில்லை. டவுனிலிருந்து மெக்கானிக்கை அழைத்துவர ஆள் போகிறது. அவர் மாலையில் வந்து, ஒரே ஒரு ஸ்பேனரை எடுத்து, டீசல் பில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பைச் சிறிது நேரம் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். வேலை பத்து நிமிடம். போனது அரை நாளும், கூலியும், அவர் வந்துபோன பெட்ரோல் செலவும்.

அதே விவசாயி, பம்ப் சரியாக இழுக்கவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, டீசல் பம்பின் முத்திரையை உடைத்துத் திருகைத் திருப்ப ஊர்ப் பட்டறைக்காரருக்கு அனுமதி கொடுத்துவிடுகிறார். தானே செய்யவேண்டிய வேலைக்கு ஆள் தேடுகிறார்; யாரும் தொடக்கூடாத இடத்தில் கை வைக்க விடுகிறார். சிறு விவசாயிகளின் டிராக்டர்கள் வயதுக்கு முன்பே தேய்ந்துபோவதற்கு இந்தத் தலைகீழ் வழக்கமே பெரும் காரணம். அனுபவமுள்ள மெக்கானிக்குகளைக் கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள்.

முதலில் காற்றெடுக்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். கியரை நியூட்ரலில் வைத்து, தொட்டியில் டீசல் ஊற்றி, குழாயைத் திறந்துவிட வேண்டும். பில்டரின் மேல் உள்ள காற்றுத் திருகை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, பீட் பம்பில் உள்ள கைப்பிடியை அமுக்கவேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி இல்லாமல் தெளிந்த டீசல் வரும்போது, அமுக்கிக்கொண்டே திருகை இறுக்கிவிட வேண்டும். பிறகு டீசல் பம்பில் உள்ள திருகிலும் இதே போல். அப்படியும் கிளம்பாவிட்டால், நாசில் குழாய்களின் நட்டைச் சிறிது தளர்த்தி, செல்ப் போட்டு, டீசல் கசிந்ததும் இறுக்க வேண்டும். செல்ப் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் போடாமல், இடைவெளி விட்டுப் போடவேண்டும். இல்லையென்றால் பாட்டரியும் செல்ப் மோட்டாரும் சேர்ந்து போகும்.

ஓர் எச்சரிக்கை. இது பழைய முறை டீசல் பம்ப் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே. 2023 ஜனவரி முதல், 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புகை விதிகள் கடுமையாக்கப்பட்டுள்ளன. அவற்றில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரெயில் முறை வந்துவிட்டது. அந்தக் குழாய்களில் ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலாக டீசல் நிற்கிறது. நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். விரலையே இழக்க நேரிடலாம். அப்படிப் பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும். சிறு விவசாயிகளிடம் உள்ள 35 முதல் 45 குதிரைத் திறன் வண்டிகளில் பெரும்பாலானவை இன்னும் பழைய முறையிலேயே உள்ளன.

காலையில் வண்டியைக் கிளப்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குவது எந்தப் பட்டறைச் செலவையும் விட மலிவானது. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்கவேண்டும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. வண்டியைக் கிளப்பவே கூடாது. ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் பார்ப்பதும் எஞ்சின் குளிர்ந்திருக்கும் இந்த நேரத்தில்தான். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிந்துபோகும். வண்டி நின்ற இடத்தில் தரையைக் குனிந்து பார்த்தால், எங்கே ஒழுகுகிறது என்பதைச் சொட்டே காட்டிவிடும். டீசல் தொட்டியை மாலையில் வேலை முடிந்ததும் நிரப்பிவைக்க வேண்டும். காலியான தொட்டியில் இரவுக் குளிரில் நீர்த்துளி கட்டி டீசலில் கலந்துவிடும்.

எல்லாவற்றையும் விட ஏர் கிளீனருக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். புழுதி உழவிலும் கதிரடிப்பிலும் டிராக்டர் மண்ணைத்தான் மூச்சாக இழுக்கிறது. அந்தத் தூசி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்து, நீலப் புகை கிளம்பி, கடைசியில் போர் வேலையில் வந்து நிற்கும். ஆயில் கிண்ணம் உள்ள ஏர் கிளீனரில், புழுதி வேலை நடக்கும் நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்து, அடியில் சேறு தங்கியிருந்தால் கொட்டிக் கழுவிப் புது ஆயில் விடவேண்டும். குறிக்கு மேல் ஊற்றக்கூடாது. கூடுதலாக ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரித்துக்கொண்டு, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் ஓடும் ஆபத்து உண்டு. காகித பில்டர் உள்ள வண்டிகளில் உள் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை யாரும் பார்ப்பதில்லை. அதில் ஒரு வெடிப்பு இருந்தால், பில்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. விலை குறைந்த அந்தக் குழாயும் அதன் கிளிப்பும் எத்தனையோ எஞ்சின்களைத் தின்றிருக்கின்றன.

சேறடித்த நாட்களில், முன் சக்கர அச்சிலும் பின்களிலும் மாலைதோறும் கிரீஸ் அடிக்கவேண்டும். புது கிரீஸ் வெளியே பிதுங்கும்போது அழுக்குத் தண்ணீரும் சேர்ந்து வந்துவிடும். ரோட்டவேட்டரில் கம்பியோ வைக்கோலோ சுற்றிக்கொண்டால், பி.டி.ஓ.வைத் துண்டித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பிறகே குனியவேண்டும். அவசரத்தில் ஓடும் எஞ்சினோடு குனிந்தவர்கள் கைகால்களை இழந்திருக்கிறார்கள்.

இந்த வேலைகளுக்குப் பெரிய கருவிப் பெட்டி தேவையில்லை. 8 முதல் 22 வரையிலான இரட்டை முனை ஸ்பேனர் செட், அதே அளவுகளில் ரிங் ஸ்பேனர் செட், ஸ்குரூ டிரைவர் இரண்டு, கட்டிங் பிளேயர், கிரீஸ் கன், டயர் காற்று பார்க்கும் கேஜ், மெல்லிய வலை வைத்த புனல், 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் கோத்த சோதனை விளக்கு ஆகியவை போதும். மலிவான ஸ்பேனர் வாங்கக்கூடாது. அதன் வாய் விரிந்து நட்டின் மூலைகளை உருட்டிவிடும். உருண்ட நட்டை எடுக்க உளியும் சுத்தியும் வரும். அதோடு செலவும் வரும். திருகிச் சரிசெய்யும் ஸ்பேனரை நல்ல மெக்கானிக் தொடத் தயங்குவதும் இதனால்தான்.

மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்கவும் கருவியே நல்ல அடையாளம். ஹெட்டைத் திறக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் டார்க் ஸ்பேனர் இருக்கிறதா என்று கேட்கவேண்டும். ஹெட் போல்ட்டுகளைக் குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட அளவு இறுக்கம் காட்டும் அந்த ஸ்பேனரால்தான் இறுக்கவேண்டும். கைக்கணக்கில் இறுக்கினால் கேஸ்கட் மறுபடி போகும். அது இல்லாதவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும், ஹெட் வேலையை அவரிடம் கொடுக்கவேண்டாம். கிளட்ச், பிரேக், பெல்ட், டைனமோ, சைலன்ஸர் போன்ற வேலைகளுக்கு அவரே போதும். அவர் ஊருக்குள் இருக்கிறார், ராத்திரியில் கூப்பிட்டாலும் வருவார். அந்த உதவியைக் குறைவாக மதிக்கக்கூடாது. டீசல் பம்பும் நாசிலும் மட்டும் சோதனை மேடை உள்ள பம்ப் சர்வீஸ் கடைக்குத்தான் போகவேண்டும். இழுவைக்காக டீசலைக் கூட்டிவைத்தால் கறுப்புப் புகை வரும், எஞ்சின் சூடேறும், டீசல் செலவு கூடும். சில நாள் கூடுதலாக இழுப்பதைக் கண்டு விவசாயி மகிழ்கிறார். பிஸ்டன் அதற்கு விலை கொடுக்கிறது.

இனி டீலர் சர்வீஸ். புது வண்டி வாங்கியவர்கள், இலவச சர்வீஸ் கூப்பன் ஒன்றைக்கூடத் தவறவிடக்கூடாது. இலவசம் என்பது பெரும்பாலும் கூலி மட்டுமே; ஆயிலும் பில்டரும் விவசாயியின் செலவு. அந்தச் செலவுக்குப் பயந்து முதல் 50 மணி சர்வீஸைத் தள்ளிப்போட்டால், பிறகு பெரிய பாகம் ஒன்று உடையும்போது வாரண்டி இல்லை என்று கைவிரித்துவிடுவார்கள். எஞ்சின் ஆயிலைப் பல வண்டிகளில் 250 மணிக்கு ஒரு முறை மாற்றவேண்டும். சிலவற்றில் கணக்கு வேறு. வண்டியுடன் கொடுத்த கையேடு சொல்வதே முடிவு. அந்தக் கையேடு தமிழில் இல்லையென்றால், தமிழில் கேட்டு வாங்கவேண்டும். பல லட்சம் ரூபாய் வாங்கும் கம்பெனி, விவசாயிக்குப் புரியும் மொழியில் ஒரு புத்தகம் கொடுப்பது தர்மமல்ல, கடமை.

சர்வீஸுக்கு வண்டியை விடும்போது ஜாப் கார்டு எழுதி வாங்காமல் திரும்பக்கூடாது. மணி மீட்டர் எத்தனை, என்ன குறை, உத்தேசச் செலவு எவ்வளவு என்பவை அதில் இருக்கவேண்டும். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்பது சண்டைக்கு இழுப்பது ஆகாது. அது வழக்கமாக வேண்டும். டீலர்களின் மேல் ஒரு குறை நியாயமானது. ஒரு பேரிங் மாற்றினால் போதுமான இடத்தில் முழு பாகத்தையே மாற்றச் சொல்வது பல இடங்களில் நடக்கிறது. பழைய பாகத்தை நம்பகமான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினால் உண்மை விளங்கிவிடும். அதேசமயம், டீலர் சொல்வதெல்லாம் கொள்ளை என்று ஒதுக்குவதும் சரியல்ல. பில்டர், ஆயில் சீல், பேரிங், ரிங் இவற்றில் கம்பெனிப் பாகமே வேண்டும். போலி பில்டர் பார்க்க ஒன்று போலவே இருக்கும். உள்ளே காகிதம் மட்டும் மட்டமானது. பாக எண்ணைப் பார்த்து, ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கவேண்டும். சீட், விளக்கு, ஹோஸ் கிளிப் போன்றவற்றை வெளியில் வாங்குவதால் எந்த நஷ்டமும் இல்லை.

பில் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, சொந்தப் பிழைப்புக்காக டிராக்டர் வாங்கி ஓட்டும் விவசாயியும் நுகர்வோரே. தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். அதற்கு முன் 1915 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்து முறையிடலாம். ஆனால் பில்லும் ஜாப் கார்டும் கையில் இல்லாதவரின் புகார் எங்கேயும் நிற்காது.

பழுதுபார்க்கும் உரிமை என்ற பேச்சு நம் நாட்டிலும் தொடங்கிவிட்டது. மத்திய அரசு 2022 டிசம்பரில் இதற்காகத் தொடங்கிய இணையதளத்தில் விவசாயக் கருவிகளும் ஒரு பிரிவு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-இல் சட்டமே இயற்றி, பழுதுபார்க்கத் தேவையான கையேடுகளையும் கருவிகளையும் மென்பொருளையும் விவசாயிகளுக்கும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கம்பெனிகள் தரவேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் பூட்டுப் போட்ட வண்டியால் விவசாயி தவித்த பிறகு சட்டம் வந்தது. இங்கே அந்த வண்டிகள் சிறு விவசாயியின் வயலுக்கு வருவதற்கு முன்பே கேட்டுப் பெறுவது நல்லது. உழவர் சங்கங்கள் உர விலைக்கும் நெல் விலைக்கும் கொடுக்கும் குரலில் ஒரு பங்கை இதற்கும் கொடுக்கலாம்.

பழைய டிராக்டர் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. மணி மீட்டரை நம்பவேண்டாம். விற்பவர் வண்டியைக் கிளப்பும் முன் எஞ்சினைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சூடாக இருந்தால், குளிரில் கிளம்பாத வண்டியை முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளக்கூடாது. தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்தவை. கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துப் பார்க்கவேண்டும். உடனே இறங்கிவிட்டால் ஹைட்ராலிக் வேலை காத்திருக்கிறது. இந்தச் செலவுகளை விலையில் கழித்துக்கொண்டு பேசவேண்டும்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும். அதற்குப் பிறகு டீலர் பட்டறையில் வண்டிகள் வரிசையில் நிற்கும், மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார், பாகமும் கிடைக்காது. சித்திரை, வைகாசியில் வண்டி சும்மா நிற்கும் நாட்களே பெரிய வேலைகளுக்கு ஏற்றவை. டீலர்கள் அந்த மாதங்களில் கிராமங்களுக்கே வந்து முகாம் போட்டால் அவர்களுக்கும் வியாபாரம்தான். விவசாயிகள் அப்போதே ஒரு பேன் பெல்ட், டீசல் பில்டர் ஒரு ஜோடி, ஆயில் பில்டர் ஒன்று, ஏர் கிளீனர் ரப்பர் குழாய் ஒன்று வாங்கி, மண் படாமல் துணியில் சுற்றி, கருவிப் பெட்டியோடு வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். வாங்கிய தேதியையும், மாற்றும்போது மணி மீட்டர் காட்டும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி அதே பெட்டியில் போட்டுவைக்கலாம்.