இரண்டு முறை உறைந்த தயிர்

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் ஸ்வெட்டரைத் துவைக்கப் போடும்போது பாக்கெட்டிலிருந்து ஒரு குச்சி விழுந்தது. தட்டையான, வழவழப்பான மரக்குச்சி. ஒரு முனையில் லேசாக ஆரஞ்சு கலர்.

என் மனைவி அதை இரண்டு விரலால் தூக்கி, சினிமா கோர்ட்டில் வக்கீல் தடயம் காட்டுகிற மாதிரி என் முன்னால் ஆட்டினாள்.

"இது என்னங்க?"

"காது குடைய வெச்சிருப்பார்..."

"இந்த சைஸ் குச்சி போற காது முதுமலை யானைக்குத்தான் இருக்கு. மோந்து பாருங்க."

மோந்தேன். மேங்கோ!

என் அப்பாவைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். வயது 72. பன்னிரண்டு வருஷமாக சர்க்கரை. நாங்கள் இருப்பது குன்னூரில், கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தில். சாயந்திரம் வாக்கிங் கிளம்பினால் சட்டை, அதன் மேல் அரைக்கை ஸ்வெட்டர், அதன் மேல் முழுக்கை ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், தலையில் மங்கி குல்லா என்று எவரெஸ்டுக்குப் போகிற மாதிரிதான் பெட்ஃபோர்டு வரைக்கும் போவார். "குளிர் உடம்புக்கு ஆகாதுடா" என்பார். இத்தனை கவசத்திலும் வாய் மட்டும் வெளியே தெரியும் இல்லையா? அந்த இடைவெளியில்தான் கடத்தல் நடந்திருக்கிறது. ஊரே இஞ்சி டீ குடிக்கிற நேரத்தில்!

விசாரணைக் கமிஷன் அமைத்தேன்.

"அப்பா, ஐஸ்கிரீம் சாப்பிட்டீங்களா?"

"ஐஸ்கிரீமா? சேச்சே! குச்சி ஐஸ்."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"

"அதுல கிரீம் எங்கடா இருக்கு?"

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. போன மழைக்காலத்தில் செருப்பு வார் பட்டு அவர் கால் விரலில் வந்த ஒரு சின்னக் கீறல் ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. "அடுத்த கீறலுக்கு நான் கேரண்டி தர மாட்டேன்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நினைத்துக்கொண்டு கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன்.

அப்பா மங்கி குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பல்லு போச்சு. காரம் போச்சு. உங்கம்மாவும் போயிட்டா. சாயந்திரத்துல வாய்க்கு ஜில்லுனு ஒண்ணு. அதையும் எடுத்துட்டா எப்படிடா?"

கமிஷன் அத்துடன் கலைந்தது.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட் நண்பரிடம் புலம்பினேன். அவர் ஃபைலிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "ஃப்ரோஸன் யோகர்ட் குடு."

"அப்படின்னா?"

"தயிர் ஐஸ்கிரீம். பெங்களூர்ல ஒரு கப் விலையைக் கேட்டா உங்கப்பாவுக்கு அங்கயே சர்க்கரை இறங்கிடும்."

விசாரித்துப் பார்த்தேன். 1970-களில் அமெரிக்காவில் கிளம்பிய சமாசாரம். ஐஸ்கிரீமுக்கு பதில் இதைத் தின்றால் உடம்புக்கு நல்லது என்று விற்றார்கள். பாதி உண்மை. நம் நாட்டுச் சட்டப்படி சாதாரண ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவிகிதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். டோன்டு பாலில் உறைய வைத்த தயிரில் சுமார் 3 சதவிகிதம்தான். மீதிப் பாதி உண்மை எங்கே என்றால், சர்க்கரையில். புளிப்புத் தெரியாமல் இருக்கக் கடைக்காரர்கள் அள்ளிப் போடுகிறார்கள். வீட்டில் செய்தால் சர்க்கரை டப்பா நம் கையில்.

டாக்டருக்கு போன் போட்டேன். "சர்க்கரை, தேன், வெல்லம் எதுவும் கூடாது. கொஞ்சம் பழம் போடுங்க. பால்லயே கொஞ்சம் சர்க்கரை உண்டு, அதனால அரை கப்தான். குச்சி ஐஸுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார்.

அப்பாவை மனதளவில் தயார்ப்படுத்த, சிம்ஸ் பார்க் வரை அழைத்துப் போனேன். எதிரே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட். "இது 1907-ல ஆரம்பிச்சதுப்பா. பாரீஸ்ல இருக்கிற பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல மெச்னிகாஃப்னு ஒரு விஞ்ஞானி இருந்தார். 1908-ல நோபல் பரிசு வாங்கினவர். புளிச்ச பால் சாப்பிட்டா ஆயுசு கூடும்னு சொல்லி, அவரே தினம் சாப்பிட்டார்."

"எத்தனை வயசு இருந்தார்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "1916-ல... 71 வயசுல..."

"எனக்கு 72" என்றார் அப்பா. "குச்சி ஐஸ் சாப்பிட்டு!"

சரி, தயிர் செய்யலாம் என்று இறங்கினால் முதல் அடியே சறுக்கல். குன்னூரில் எல்லாம் உறையும். தேங்காய் எண்ணெய் உறையும். நெய் உறையும். காலையில் பைக் ஸ்டார்ட் பண்ணுகிற கை உறையும். தயிர் மட்டும் உறையாது.

தயிரை உறைய வைக்கிற நுண்ணுயிர்களுக்கு 40 டிகிரி சூடு வேண்டும். விரலை விட்டால் இதமாகச் சுட வேண்டும், அந்தப் பக்குவம். அந்தச் சூடு சில மணி நேரமாவது நிற்க வேண்டும். தஞ்சாவூரில் வெயிலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் சமையலறையில் பால் அரை மணியில் ஆறிவிடும். நுண்ணுயிர்களும் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும்.

முதல் நாள் கடைத் தயிரை உறையாக விட்டேன். காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருந்தது. இரண்டாம் நாள் அடுப்பு மேடையில் வைத்தேன். நூல் நூலாகக் கோந்து மாதிரி ஒன்று வந்தது.

"கடைல தயிர் வாங்கிடுங்களேன்" என்றாள் மனைவி. நியாயம்தான். ஆனால் ஆபீஸ் பூரா சொல்லிவிட்டேனே!

மூன்றாம் நாள் அப்பா நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தார். "உங்கம்மா எங்க வெப்பா தெரியுமா? அரிசி டின்னுல. பாத்திரத்தைத் துண்டால சுத்தி, கழுத்து வரைக்கும் அரிசிக்குள்ள புதைச்சுடுவா."

அடடா! அரிசி சூட்டை வெளியே விடாது. தெர்மாஸ் ஃபிளாஸ்க் வேலை. இருபத்தைந்து வருஷம் அந்தத் தயிரைத் தின்றவன், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"ஆனா உறை அவ உறையா இருக்கணும்" என்றார் அப்பா. பிறகு பேசவில்லை. அம்மா போன அந்தப் பதினாறு நாளில், உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்க யாருக்கு ஞாபகம் வந்தது?

சாயந்திரம் டம்ளரோடு பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் போய் நின்றேன். "விளக்கு வெச்சாச்சு தம்பி. இப்ப தயிர் குடுக்க மாட்டேன். காலைல வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

காலையில் போனேன். டம்ளரில் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இது உங்க அம்மா குடுத்ததுதான் தம்பி. நாங்க இங்க குடி வந்த புதுசுல தயிரே உறையாம நான் முழிச்சப்ப, இதே மாதிரி ஒரு டம்ளர்ல குடுத்தாங்க. ஏழு வருஷம் ஆச்சு. ஊருக்குப் போனாக்கூட தங்கச்சி வீட்ல குடுத்துட்டுத்தான் போவேன். இன்னிவரைக்கும் அறுந்ததில்ல."

வாங்கிக்கொண்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அரை டம்ளர் தயிர் அவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது.

இந்த மலைக்கு இது புதிய சங்கதி இல்லை. தோடர்களுக்கு எருமைப் பால் கடைகிற இடமே கோயில், கடைகிறவரே பூசாரி. பழைய மோரைப் புதுப் பாலில் விட்டு விட்டு, அந்த உறையைத் தொடர்ந்து காப்பாற்றுவார்கள். அந்த மோருக்கு 'பெப்' என்று பெயர். அது கெட்டுப்போனால் சடங்கு செய்துதான் புதிதாகத் தொடங்க வேண்டும். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-ல் வெளியிட்ட 'தி டோடாஸ்' புத்தகத்தில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். என் வீட்டுக் கோயிலின் பெப், பக்கத்து வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது!

அன்று ராத்திரி அரிசி டின் பிரயோகம். காலையில் பாத்திரத்தைச் சாய்த்தேன். தயிர் நகரவில்லை. முதல் உறைதல் வெற்றி.

இரண்டாவது உறைதல்தானே, அதற்கென்ன, ஃப்ரீசர் இருக்கிறதே என்று அப்படியே கிண்ணத்தோடு உள்ளே தள்ளினேன். மறுநாள் வெளியே வந்தது பாறாங்கல். ஸ்பூன் வளைந்தது. குழவியால் தட்டினால் கிண்ணம் நசுங்கியது. அப்பா பல் செட்டைக் கழற்றிப் பத்திரமாக டப்பாவில் போட்டுக்கொண்டார். "எதுக்கு வம்பு?"

யோசித்தால் காரணம் எளிது. தயிரில் பெரும்பங்கு தண்ணீர். ஐஸ்கிரீம் மிருதுவாக இருப்பதற்குச் சர்க்கரை, கொழுப்பு, உள்ளே அடித்து ஏற்றிய காற்று, இந்த மூன்றும் காரணம். சர்க்கரையை நான் விலக்கிவிட்டேன். கொழுப்பும் குறைவு. ஆகவே தண்ணீரைக் குறைத்து, காற்றை ஏற்றி, ஐஸ் கட்டி சேரச் சேர உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கல்யாணமாகாத நண்பர்களும் ரூமில் செய்து பார்க்கலாம். குறித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பால் தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, கீழே பாத்திரம் வைத்து, ராத்திரி முழுக்கத் தொங்க விடவும். (குன்னூரில் வெளியிலேயே தொங்கலாம். கீழ்நாட்டுக்காரர்கள் வடிகட்டியில் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் வைக்கவும்.) சுமார் பாதி தண்ணீராக வடிந்துவிடும். அதைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையலாம். துணியில் நிற்கிற கட்டித் தயிரோடு, கொட்டை நீக்கி மசித்த நாலைந்து பழுத்த பிளம்ஸ், ஒரு சிட்டிகை ஏலப்பொடி சேர்த்து மத்தால் நன்றாக அடிக்கவும். அகலமான பாத்திரத்தில் ஊற்றி மூடி ஃப்ரீசரில் வைத்து, அரை மணிக்கு ஒரு தரம் எடுத்து முள்கரண்டியால் ஓரத்து ஐஸை உடைத்துக் கிளறவும். நாலு தரம் போதும். சாப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வெளியே எடுத்து வைக்கவும். தயிரின் நுண்ணுயிர்கள் குளிரில் பெரும்பாலும் சாவதில்லை, தூங்கத்தான் செய்கின்றன. ஆபீஸில் நம்மைப் போல.

முதல் கிளறல் ஆயிற்று. மழை ஆரம்பித்தது. நீலகிரியில் மழை வந்தால் மரம் சாயும், மரம் சாய்ந்தால் கம்பி அறுந்து கரண்ட் போகும். போயிற்று. தயிர் பாதி கூழ், பாதி ஐஸ்.

அப்பா எழுந்தார். "ஃப்ரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடி ஐஸ்கிரீமே கிடையாதா? மீன் கடைக்குப் போய் ஐஸ் வாங்கிட்டு வா. வழியில ரெண்டு கிலோ கல் உப்பு."

குடையோடு மார்க்கெட்டுக்கு ஓடினேன். "என்ன மீன் சார்?" என்றார் கடைக்காரர். "மீன் வேண்டாங்க, ஐஸ் மட்டும்" என்றேன். மாசக் கடைசி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் காசே வாங்கவில்லை.

பக்கெட்டில் மூன்று பங்கு ஐஸ், ஒரு பங்கு உப்பு. உப்புப் பட்ட ஐஸ் வேகமாக உருகும். உருகுவதற்கான சூட்டைச் சுற்றியிருப்பதிலிருந்து உறிஞ்சும். பூஜ்ய டிகிரிக்கு வெகு கீழே இறங்கிவிடும். அழுத்தமான மூடி போட்ட தூக்குச் சட்டியில் தயிரை மாற்றி, நடுவில் நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்ப வேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், மங்கி குல்லா, மஃப்ளர் சகிதம் அப்பா முக்கால் மணி நேரம் திருப்பினார். "நான் திருப்பறேன் மாமா" என்று என் மனைவி கேட்டும் தரவில்லை. அவர் அப்படி ஒரு வேலையில் உட்கார்ந்து ரொம்ப நாளாயிற்று.

திறந்தால், இளஞ்சிவப்பில், மெத்தென்று இருந்தது.

அரை கப் போட்டுக் கொடுத்தேன். அப்பா ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். "குச்சி ஐஸ் மாதிரி இல்லடா."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"உங்கம்மா தயிர் மாதிரி இருக்கு" என்று அடுத்த ஸ்பூனை எடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஸ்வெட்டர். மறுபடியும் ஒரு குச்சி! மனைவி என்னைப் பார்த்தாள். மோந்தேன். பிளம்ஸ். பழைய குச்சியையே கழுவி, சின்ன டம்ளரில் தயிரோடு நட்டு ஃப்ரீசரில் வைத்து, வாக்கிங் போகும்போது உருவிக்கொண்டு போயிருக்கிறார் மனுஷர்.

அடுத்த ரத்தப் பரிசோதனை ஆகஸ்டில். அதுவரைக்கும் நான் ஒன்றும் பெருமை அடித்துக்கொள்வதாக இல்லை. ஆனால் தினமும் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, அடுத்த ரூமிலிருந்து ஒரு குரல் மட்டும் தவறாமல் வருகிறது.

"டேய்... உறைக்கு எடுத்து வெச்சியா?"

எடுத்து வைத்திருந்தாலும் ஒரு தரம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்து படுக்கிறேன்.