இடாப்பில் அரைப்பேர்

சித்திரை வருசம் முடிந்து இரண்டாம் தவணை தொடங்குகிற காலையில், பசறைப் பக்கமோ அப்புத்தளைப் பக்கமோ ஏதாவது ஒரு தோட்டப் பாடசாலையின் பத்தாம் வகுப்பு வாசலில் போய் நின்று பாருங்கள். டீச்சர் இடாப்பை விரித்துப் பேர் கூப்பிடுவார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல் வந்துகொண்டிருக்கும். ஒரு பேரில் மட்டும் குரல் வராது. பின்வாங்கிலிருந்து யாராவது சொல்வார்கள்: "அவன் அண்ணனோட கொழும்புக்குப் போயிட்டான் டீச்சர்." டீச்சர் நிமிர்ந்து பார்ப்பார், குறித்துக்கொள்வார், அடுத்த பேருக்குப் போய்விடுவார். அந்தப் பொடியனின் பள்ளிக்கூட வாழ்க்கை பெரும்பாலும் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். கடிதமும் இல்லை, விடுகைப் பத்திரமும் இல்லை.

நாட்டுக்குக் கல்வியாண்டு பிறப்பது ஜனவரியில். எங்கள் லயங்களுக்கு வருசம் பிறப்பது சித்திரையில்தான். இந்த இரண்டு பிறப்புக்கும் நடுவில் முதலாம் தவணை முடிந்திருக்கும். கொழும்பில் உடுப்புக்கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் நிற்கிற அண்ணன்மார் புது ஜீன்ஸும் புது போனுமாக வருசத்துக்கு வீட்டுக்கு வருவார்கள். ஒரு கிழமை தோட்டமே கலகலப்பாக இருக்கும். திரும்பிப் போகிற கோச்சியில் அவர்களோடு ஒரு தம்பியும் ஏறுவான். பிள்ளைகள் விலகுவதைப் பற்றி எழுதுகிற எல்லோரும் வறுமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வறுமை வருசம் முழுக்கத்தான் இருக்கிறது. பிள்ளை போவதற்கோ ஒரு நாள் இருக்கிறது, ஒரு கோச்சி இருக்கிறது, கூட்டிக்கொண்டு போக ஓர் ஆளும் இருக்கிறார்.

பொம்பளப் புள்ளைங்களின் கதை வேறு. அம்மா வெளிநாடு போனால் மூத்தவள் அடுப்படிக்கு வந்துவிடுவாள். அதற்குச் சித்திரை தேவையில்லை, எந்த மாதமும் நடக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'அரைப்பேர்' என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: காலையிலிருந்து மலையில் நின்றும் சொன்ன கிலோ கொழுந்து சேரவில்லை என்றால் அன்றைக்கு முழு நாள் சம்பளம் இல்லை, அரைப்பேர்தான். எங்கள் அம்மாமார் வாழ்க்கை முழுக்க எதிர்த்துப் பேசிய சொல் அது. ஏப்ரலில் காணாமல்போகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போடுவதும் அதே கணக்குத்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பாதி வருசம் வந்தான், பாதி வருசம் வரவில்லை. மீதிப் பாதியை எப்படி மீட்பது என்று யோசிக்க அந்தக் கணக்கில் இடமே இல்லை. 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைக்கு ஒழுங்காக வந்தால் நாளொன்றுக்கு 200 ரூபா ஊக்குவிப்பு என்று அறிவித்தார்கள். அம்மா மலைக்கு வந்தாரா என்று பார்க்க ஒரு கணக்கு வந்துவிட்டது. மகன் வகுப்புக்கு வந்தானா என்பதை யார் பார்ப்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016இலிருந்து 5 முதல் 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். வேலைக்குச் சேரும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆனது. ஆனால் சட்டம் பதுளையில் கோச்சி ஏறுகிறவனைப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் வெளியில் நின்று எழுதவில்லை. 2020 ஓ.எல். செட் நாங்கள். டிசம்பரில் நடக்கவேண்டிய பரீட்சை கொரோனாவால் தள்ளி 2021 மார்ச்சில் நடந்தது. எழுதி முடித்த அடுத்த மாதம் வருசப் பிறப்பு. பெறுபேறு வந்தது செப்டெம்பரில். அந்த நடுவிலிருந்த ஆறு மாதத்தில் எங்கள் வகுப்பு உடைந்தது. "ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கே, ரெண்டு மாசம் கடையில நில்லு" என்று ஆரம்பித்ததுதான். பெறுபேறு வந்தபோது ஏ.எல். படிக்கப் போதுமான சித்தி எடுத்திருந்தும் திரும்பி வராதவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். கையில் காசு பார்த்த பிறகு மறுபடியும் வெள்ளைச் சட்டை போட ஒரு மாதிரி இருக்கும் என்று அவர்களில் ஒருவன் பிறகு எங்களிடம் சொன்னான். அவனைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஊவாவிலிருந்து வெளிவந்த படங்கள் உங்களுக்கு நினைவிருக்கலாம். போகிட்டியாவயில் சிக்னல் தேடிப் பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டு வழியாக மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து பாறை உச்சிக்கு ஏறினார்கள். லுணுகலையில் மலை உச்சி மரத்தில் ஒரு வீடு கட்டி, பெரியவர்கள் துணைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். உலகமே அதிசயமாகப் பார்த்தது. எங்களுக்கு அதிசயம் இல்லை, லயத்துப் பின்பக்கம் தண்ணித் தாங்கி மேலே ஏறி நின்றவர்கள்தான் நாங்களும். அந்தப் படங்களில் எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. வழக்கமான பள்ளிக்கூடம் நின்றுபோன இடத்தில், வருசத்துக்கு நடுவில், இன்னொன்றைத் தொடங்க ஆட்கள் துணிந்திருந்தார்கள்.

நடுவில் தொடங்குவது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. 2014 அக்டோபர் 29, புதன்கிழமை, காலை ஏழரை மணிபோல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. அன்றைக்கு நாங்கள் ஐந்தாம் வகுப்பு. அங்கிருந்து ஆட்களை எடுக்கவேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தும் லயங்கள் அதே இடத்தில்தான் இருந்தன. பள்ளிக்கூடம் போகப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள். வீட்டிலிருந்தவர்கள் பலர் மண்ணுக்குள் போனார்கள், எத்தனையோ பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் தமிழ்ப் பாடசாலைகள் முகாம்களாக மாறின. பிறகு மக்கல்தெனியவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம். புது வீடுகள் கைக்கு வந்தது 2016 அக்டோபரில். அந்தப் பிள்ளைகளுக்கு வேறொரு வாழ்க்கை தொடங்கியது ஜனவரியில் இல்லை, மூன்றாம் தவணையின் நடுவில் ஒரு புதன்கிழமை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடியும் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது பதுளை மாவட்டமே துண்டு துண்டாகியது. பாதை இல்லை, கோச்சி இல்லை, நடந்துகொண்டிருந்த ஏ.எல். பரீட்சை பாதியில் நின்றது. பழையபடி பாடசாலைகள் தங்குமிடமாயின.

ஒவ்வொரு முறையும் சில பிள்ளைகள் வேறு ஊருக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு, முகாமுக்குப் பக்கத்துப் பாடசாலைக்கு என்று வருசத்தின் நடுவில் போய் நிற்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்கப்படுவது விடுகைப் பத்திரம். மண்ணுக்குள் போன காம்பராவில் இருந்த பத்திரத்தை எங்கே போய்த் தோண்டுவது? பெரிய அழிவு நடந்தால் இதில் கொஞ்சம் தளர்வு காட்டுவார்கள், ஒத்துக்கொள்கிறோம். ஒரு குடும்பத்துக்கு மட்டும் நடக்கிற அழிவுக்கு அந்தத் தளர்வும் இல்லை. அப்பா இறந்து அம்மா பிள்ளைகளோடு ஹாலிஎலவிலிருந்து லுணுகலைக்குப் போனால் அதை எந்த அமைச்சும் அனர்த்தம் என்று அறிவிக்காது.

"வருசத்துக்கு நடுவில் சேர்த்தால் பாடத்திட்டம் என்னாவது, மற்றப் பிள்ளைகள் என்னாவது" என்று கேட்கிறார்கள். ஆசிரியர்கள் கேட்டால் நியாயம்தான். ஆள் பற்றாத பாடசாலையில் ஒருவர் மூன்று பாடம் எடுக்கிறார், அவரிடம் போய் இவனுக்கு மட்டும் பெப்ரவரிப் பாடத்தைத் திரும்ப நடத்துங்கள் என்று சொல்ல எங்களுக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கல்வியாண்டு அசைக்க முடியாத பாறை என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப முடியாது. 2022ஆம் ஆண்டுக்கான வகுப்புகள் ஏப்ரலில், வருசப் பிறப்புக்குப் பிறகுதான் தொடங்கின. 2023க்குரியவை மார்ச் கடைசியில். 2024க்குரியவை பெப்ரவரியில். 2025இல் ஜனவரி 27. ஓ.எல். எழுதியவர்கள் பெறுபேற்றுக்குக் காத்திருக்காமல் உடனே ஏ.எல். வகுப்பைத் தொடங்கலாம் என்று 2024இல் முடிவெடுத்ததும் இதே அமைச்சுதான். எங்கள் செட்டுக்கு அது மூன்று வருசம் முன்னால் கிடைத்திருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாற்பது இலட்சம் பிள்ளைகளுக்காக வருசத்தையே நகர்த்த முடிகிற நாட்டில், ஒரு பொடியனுக்காக ஒரு கதவை ஜூன் மாதம் திறந்துவைக்க முடியாதா?

எங்களில் ஒருத்தியின் கதையைச் சொல்கிறோம். அவள் சம்மதத்தோடுதான். 2019இல் பத்தாம் வகுப்பு. சித்திரைக்கு முன்னால் அம்மா குவைத்துக்குப் போனார், வீட்டில் அம்மாயியும் இரண்டு தம்பிகளும். அந்த வருசம் ஈஸ்டர் குண்டுவெடிப்பால் இரண்டாம் தவணையே பிந்தித்தான் தொடங்கியது. திறந்த பிறகும் வகுப்புகள் பாதி காலி. யார் பயத்தில் வரவில்லை, யார் நின்றே போய்விட்டார்கள் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஜூலையில் ஒரு பின்னேரம் வகுப்பு டீச்சர் லயத்துக்கு ஏறி வந்தார்.

"அம்மாயி, புள்ளய எப்ப அனுப்புறீங்க?"

"இனி எங்க டீச்சர், பாதி வருசம் போயிருச்சே. வர்ற தை மாசம் பார்ப்போம்."

"தை மாசம் வேணாம். நாளைக்கு அனுப்புங்க. கொப்பி இல்லாட்டியும் பரவாயில்ல."

சின்னத் தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட டீச்சரே கதைத்து ஏற்பாடு செய்தார். அவள் மறுநாள் போகவில்லை, வெட்கம். மூன்றாம் நாள் போனாள். இரண்டு மாதக் கணக்குப் பாடம் கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை, ஓ.எல்.இல் கணக்குக்குச் சாதாரண சித்திதான். பரவாயில்லை, அது போதுமாக இருந்தது.

அந்த 'தை மாசம்' என்ற சொல்லைத்தான் நாங்கள் பயப்படுகிறோம். தை வரைக்கும் காத்திருந்து திரும்பி வந்தவர் ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் பொடியனுக்கு மீசை வந்துவிடும், கையில் சம்பளம் வந்துவிடும், தன்னைவிடச் சின்னவர்களோடு ஒரே வாங்கில் இருக்க மனசு வராது. ஆகவே எங்கள் கோரிக்கையும் பெரிதில்லை. இரண்டாம் தவணையின் முதல் இரண்டு கிழமைக்குள், இடாப்பில் குரல் வராத ஒவ்வொரு பேருக்கும் யாராவது வீட்டுக்குப் போகவேண்டும். போகிறவருக்கு அன்றைக்குப் பாடம் குறைக்கப்படவேண்டும், பஸ் காசு கொடுக்கப்படவேண்டும். அந்த டீச்சர் மாதிரி எல்லோரும் சொந்தச் செலவில் மலை ஏறவேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். திரும்பி வருகிற பிள்ளையிடம் பத்திரங்களைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். வருசத் தொடக்கத்தில் கொடுத்து முடிந்த பாடநூலும் சீருடைத் துணியும் ஜூனில் வருகிறவனுக்கும் இரண்டு செட் எடுத்துவைக்கப்பட வேண்டும். போன் வெளிச்சத்தில் பாறையில் ஏறிப் படித்த பிள்ளைகள், விட்ட பாடத்தைப் பிடிக்கமாட்டார்களா?

எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. சித்திரைக்கு அண்ணன்மார் வருகிற அதே கோச்சியில்தான் நாங்களும் கெம்பஸிலிருந்து இறங்குகிறோம். அவர்கள் தம்பிமாரைக் கூட்டிவைத்து வெள்ளவத்தைக் கதை சொல்கிறார்கள், தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிறார்கள், வேலை பிடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். நாங்கள் கேம்பஸ் டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனால் வெளியில் வருவதில்லை, வந்தாலும் ரெக்கிங் கதைதான். தம்பிமார் யாரோடு போவார்கள்?

போன சித்திரைக்கு எங்களில் நான்கு பேர் இரண்டு தோட்டங்களில் பணிய லயத்திலிருந்து மேட்டு லயம் வரைக்கும் ஏறி, யார் யார் போகப் பை கட்டுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தோம். ஏழு பேர். ஐந்து பேர் போய்விட்டார்கள். ஒருவன் மே மாதம் வகுப்புக்குத் திரும்பினான். இன்னொருவன் கொழும்புக்கும் போகவில்லை, வகுப்புக்கும் போகவில்லை, காலையில் மைதானத்தில் நிற்கிறான். அவன் வகுப்பு டீச்சரிடம் கேட்டோம். பேர் இன்னும் வெட்டப்படவில்லையாம். அடுத்த சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம், குவைத்துக்காரி மகளும் வருகிறாள்.