கல்யாண கேசட்டில் யாரை வெட்டுவது?

எங்கள் வீட்டுப் பரணில் ஒன்பது வீடியோ கேசட்டுகள் கிடந்தன. 2015 டிசம்பரில் முடிச்சூருக்குள் வெள்ளம் வந்தபோது கட்டிலும் பீரோவும் நனைந்தன. உயரத்தில் இருந்ததால் இவை தப்பின. மேலே ஒட்டியிருந்த சீட்டுகளை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். அண்ணன் கல்யாணம் 1993. சித்தப்பா கிரகப்பிரவேசம். தாத்தா சதாபிஷேகம். ஒன்றில்கூடப் பெண் பெயர் இல்லை. என் மஞ்சள் நீராட்டுக்கும் 'பாப்பா ஃபங்ஷன்' என்றுதான் எழுதியிருந்தது. பாப்பாவுக்கு ஒரு பெயர் இருந்தது.

கணினிக்கு மாற்றப்போகிறேன் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் சொன்னதும் அண்ணன் போன் செய்தார். "என் கல்யாணத்துல அவ வர்ற இடத்தையெல்லாம் வெட்டிட்டுக் கொடு." 'அவ' என்றால் அண்ணி. விவாகரத்தாகி இருபது வருடத்துக்கு மேலாகிறது. தாம்பரத்தில் கேசட் மாற்றித் தரும் கடையில் இதைச் சொன்னபோது கடைக்காரர் ஆச்சரியப்படவே இல்லை. "அதெல்லாம் எடுத்துடலாம் மேடம்" என்றார். கல்யாணப் படத்தில் பெண்ணை வெட்டிவிட்டால் மாப்பிள்ளை யாருக்குத் தாலி கட்டுவார், காற்றுக்கா? நான் கேசட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. தெரிந்தவர் வீட்டிலிருந்து பழைய டெக், மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயர், யுஎஸ்பியில் செருகும் சின்னக் கருவி. முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சை; அதை ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நம் ஊர் ஈரத்தில் இரண்டு கேசட்டுகள் அப்படி ஆகியிருந்தன, தனியே வைத்தேன். மற்றபடி காத்திருப்புதான். மூன்று மணி நேர டேப் மாற மூன்று மணி நேரம் ஆகும். மாவு புளிப்பதை அவசரப்படுத்த முடியாது அல்லவா, அப்படி. இந்த உட்காரும் வேலையும் வீட்டில் பெண்ணிடம்தான் வந்து சேர்கிறது. என்ன வெட்டுவது என்று சொல்ல மட்டும் ஆண்கள் வருகிறார்கள்.

அவசரம் உண்மைதான், மறுக்கவில்லை. விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. காந்த நாடாவில் இருப்பதைக் காப்பாற்ற இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன என்று 2019-இல் யுனெஸ்கோவும் எச்சரித்தது. ஆனால் அந்த அவசரத்தின் பேரில்தான் கத்திரிக்கோலும் உள்ளே வருகிறது. "முக்கியமானது மட்டும் போதும்" என்கிறார்கள். யாருக்கு முக்கியம்?

மூன்று மணி நேரமும் பார்த்தேன். கேமரா மாப்பிள்ளை அழைப்பின் பின்னால் ஓடுகிறது, கட்சிக்காரர் வந்து மொய் கொடுப்பதை நின்று பார்க்கிறது. பந்தியில் லைட் முகத்தில் அடிக்க, பெண்கள் முந்தானையால் மறைத்துக்கொண்டு குனிகிறார்கள். சமையல்கட்டுக்குள் கேமரா ஒரு முறையும் போகவில்லை. பெண்கள் பேசும் இடங்களில் ஸ்டுடியோக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார். நலங்கில் மட்டும் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சின்ன இடைவெளி. திரையில் அண்ணி. பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "லைட்ட அந்தப் பக்கம் திருப்புப்பா, பொண்ணுக்குக் கண்ணு கூசுது."

அம்மா 2008-இல் போய்விட்டார். அவர் குரல் எங்களிடம் வேறு எங்கும் இல்லை. அண்ணன் வெட்டச் சொன்ன இடத்தில் இருக்கிறது.

பிரிந்துபோன பெண்ணின் முகத்தை அந்த வீட்டார் வைத்துக்கொள்வது சரியா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அண்ணன் இல்லை. அண்ணிக்கே போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னை விடு. தாரை வார்க்கும்போது எங்க அம்மா பக்கத்துல நிப்பாங்களே, அது இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "எனக்கு ஒண்ணு அனுப்பு. எதையும் வெட்டாதே. ஆனா குரூப்லயோ யூடியூப்லயோ போடக் கூடாது." இரண்டு அம்மாக்கள், ஒரே டேப்பில்.

பெண்களின் குரலையும் படங்களையும் சேர்த்து வைக்க அம்பை முதலானோர் 1988-இல் மும்பையில் ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். அதற்குத் தனியாக ஓர் இடமே தேவைப்பட்டது என்றால் வீடுகள் எதையெல்லாம் தூக்கிப் போட்டிருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால் கடையில் 'ஹைலைட்ஸ்' கேட்காதீர்கள். முழுசாக மாற்றுங்கள், பழைய பாட்டை எடுத்துவிட்டுப் புதுப் பாட்டு போட விடாதீர்கள். அதில் இருக்கும் பெண்களிடம் கேட்காமல் எங்கும் ஏற்றாதீர்கள்.

மூன்று பென்டிரைவ் வாங்கினேன். மூன்றின்மேலும் மணப்பெண் பெயரை முதலில் எழுதினேன். ஒன்று அண்ணிக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவது அண்ணனுக்கு, வெட்டாதது. பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் அவர் பார்க்க வேண்டாம்.